விரைந்து வருவோருக்கு எது மரியாதை?

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. வண்டிக்கு இருவர்: ‘பைலட்’ என்று அழைக்கப்படும் ஓட்டுநரும், பின்னால் நோயாளியோடு அமரும் அவசரகால மருத்துவ நுட்புநரும். அடிபட்டவரின் ரத்தக்கசிவை நிறுத்துவதும், மருத்துவமனை போய்ச் சேர்வதற்குள் வலி முற்றிவிட்டால் வண்டியை ஓரங்கட்டிப் பிரசவம் பார்ப்பதும் இந்த இருவரின் வேலை. தீயணைப்புத் துறையினரின் பணியும் பெயரைத் தாண்டி விரிந்தது. கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கவும், வீட்டுக்குள் புகுந்த பாம்பைப் பிடிக்கவும், புயலில் சாய்ந்த மரத்தை அறுத்து வழி திறக்கவும் ஊரார் அவர்களைத்தான் அழைக்கிறார்கள்.

யாராவது உயிரிழக்கும்போதுதான் இவர்கள் பெரும்பாலும் செய்தியாகிறார்கள். 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயை அணைக்கச் சென்ற வீரர்கள் இருவர், கட்டடம் இடிந்து இறந்தனர். நாடே இரங்கியது; சில நாட்களில் மறந்தது. ஏப்ரல் 14 நாடு முழுவதும் தீயணைப்போர் நினைவு நாள். 1944இல் அன்றுதான் பம்பாய் விக்டோரியா துறைமுகத்தில் வெடிபொருள் ஏற்றிவந்த ‘ஃபோர்ட் ஸ்டைக்கின்’ கப்பல் வெடித்து, அறுபதுக்கும் மேற்பட்ட தீயணைப்பு வீரர்கள் மாண்டனர். தமிழ்நாட்டில் அந்த நாள் பெரும்பாலும் சித்திரை முதல் நாளோடு சேர்ந்து வருவதால், தீயணைப்பு நிலையங்களுக்கு வெளியே பலருக்குத் தெரியாமலே கழிகிறது. நினைவு நாள் அவசியம்தான். உயிரோடு பணியில் இருப்பவர்களுக்கான மரியாதையோ மற்ற நாட்களில் காட்டப்பட வேண்டியது.

சைரன் கேட்டும் ஒதுங்காத கார்களும், மற்றவர்கள் ஒதுங்கித் தந்த வழியில் ஆம்புலன்ஸின் பின்னாலேயே பாயும் இருசக்கர வாகனங்களும் அன்றாடக் காட்சி. அவசர ஊர்திக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம். தலைக்கவசம் அணியாதவரிடம் காவல்துறை காட்டும் கண்டிப்பில் பாதியாவது இதிலும் தேவை.

தெருவுக்குள் திரும்பியபின் வேறு சிக்கல். இருபுறமும் கார்களை நிறுத்திய சந்தில் தீயணைப்பு வண்டி நுழையாது. சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என இரண்டு உண்டு. பல வாசல்களில் இரண்டுமே எழுதப்படுவதில்லை. அடுக்குமாடிக் குடியிருப்புகள் பலவற்றில் லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சர் போகாது. நோயாளியோடு வீட்டார் தவித்துக்கொண்டிருக்கையில், பக்கத்து வீட்டுப் பையன் தெருமுனையில் நின்று கைகாட்டினாலே சில நிமிடங்கள் மிஞ்சும். கொடியேற்றும் நாளில் சால்வை போர்த்தும் குடியிருப்போர் நலச் சங்கங்கள், வாசல்தோறும் எண் எழுதவைத்து, வண்டி நுழையும் அகலத்துக்கு வழியையும் காத்தால் அது பெரிய மரியாதை.

விபத்து நடந்த இடத்துக்கு உண்மையில் முதலில் ஓடிவருவது டீக்கடைக்காரரோ ஆட்டோ ஓட்டுநரோதான். போலீஸ், கோர்ட் என்று அலைய நேருமோ என்ற அச்சத்தில் அவர்களிலும் சிலர் தயங்குகிறார்கள். நல்லெண்ணத்தோடு உதவியவர் மீது வழக்குத் தொடரக்கூடாது, அவர் தன் பெயரைச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை என்பது சட்டமாகிவிட்டது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், விபத்தில் சிக்கியவரின் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவையும், நிர்ணயித்த வரம்புவரை, அரசே ஏற்கிறது. இவை காவல் நிலையத்திலும் மருத்துவமனை வாசலிலும் பெரிய எழுத்தில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

அரசின் பங்கில் மிகப் பெரிய குறை பணி நேரம். 108 ஊழியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர். ஒப்பந்த அடிப்படையில் சேவையை நடத்தும் நிறுவனத்தின் பணியாளர்கள். 12 மணி நேர ஷிப்டை 8 மணி நேரமாக்கக் கோரி அவர்களின் சங்கங்கள் நீண்ட காலமாகப் போராடுகின்றன. கோரிக்கை முழுக்க நியாயமானது. இரவெல்லாம் விழித்தவர் விடியற்காலையில் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது, அவருடைய களைப்பு நோயாளிக்கும் ஆபத்து. மூன்று ஷிப்ட் என்றால் கூடுதல் ஆட்களும் கூடுதல் நிதியும் தேவைப்படும். அந்தச் செலவை அரசு ஏற்றே ஆக வேண்டும். சேவைக்கான அடுத்த ஒப்பந்தத்தில் 8 மணி நேர வேலை ஒரு நிபந்தனையாகவே எழுதப்பட வேண்டும்.