படிவத்தின் முதல் கேள்வி

கடம்பூரிலிருந்து ஒரு தாயார் தம் மகனுடன் புறநோயாளர் பிரிவுக்கு வந்திருந்தார். மகனுக்கு வயது 26. கரிசல் காட்டில் விளையும் மக்காச்சோளத்தையும் உளுந்தையும் கோவில்பட்டிக்கு ஏற்றிச் செல்லும் லோடு வேனின் ஓட்டுநர். அடுத்து லாரி ஓட்டுவதற்கான கனரக வாகன உரிமம் எடுக்க விரும்பினார். அதற்கு மருத்துவர் கையொப்பமிட வேண்டிய படிவம் 1ஏ அவர் கையில் இருந்தது. வலிப்பு நோய்க்காக ஓராண்டுக்கும் மேலாக என்னிடம் மருந்து பெற்று வருபவர் அவர். கடைசியாக வலிப்பு வந்து அப்போது மூன்று மாதங்கள்கூட ஆகவில்லை.

மகன் தலை குனிந்திருந்தார். தாயார்தாம் பேசினார்: "அய்யா, சீட்டுல வலிப்புன்னு மட்டும் எழுதிராதீங்க. புள்ள பொழப்பு போயிரும்."

பார்வை தெளிவாக இருந்தது. செவியிலும் கை கால்களிலும் குறையில்லை. அரை மணி நேரம் சோதித்தாலும் எந்த மருத்துவரும் அவரிடம் குறை கண்டிருக்க முடியாது. வலிப்பு நோயின் இயல்பே அதுதான். ஒரு வலிப்புக்கும் அடுத்த வலிப்புக்கும் இடைப்பட்ட காலத்தில் நோயாளி முழு நலத்துடன் காணப்படுவார். கேட்டால்தான் தெரியும், அவரும் உண்மையைச் சொன்னால்தான் தெரியும். எனக்கு முன்பே தெரிந்திருந்ததால் கையொப்பமிட மறுத்தேன்.

அதன் பிறகு ஏழு மாதங்கள் அவர் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. மாத்திரையையும் நிறுத்திவிட்டார். மருத்துவச் சீட்டு இல்லையென்றால் நோயும் இல்லை என்று கொண்டார் போலும். அந்த ஏழு மாதங்களும் வேனை ஓட்டிக்கொண்டுதான் இருந்தார். மீண்டும் வலிப்பு வந்தது இரவில், வீட்டில், பாயில் படுத்திருந்தபோது. அது சாலையில் வராமல் போனது அவருடைய நல்வினை. எதிரே வந்தவர்களுடைய நல்வினையும்கூட.

நான் மறுத்தது சரி என்றே இன்றும் கருதுகிறேன். ஆனால் அவரை மருத்துவத்திலிருந்தே விரட்டியதில் நம் சட்டத்துக்கும் பங்குண்டு என்பது என் எண்ணம்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும் ஓட்டுநரின் உடல்தகுதியை இரு படிவங்களால் அளக்கின்றன. படிவம் 1 என்பது விண்ணப்பிப்பவர் தாமே நிரப்பும் உறுதிமொழி. பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள காரின் எண் பலகையைப் படிக்க முடிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அது கேட்கிறது. படிவம் 1ஏ மருத்துவர் தரும் சான்று. 40 வயதைக் கடந்தவர்களும், சரக்கு வாகனமோ பயணிகள் வாகனமோ ஓட்ட உரிமம் கோருபவர்களும் இதைத் தர வேண்டும்.

படிவம் 1-இன் முதல் கேள்வி வலிப்பைப் பற்றியது. வலிப்பு நோயோ, எக்காரணத்தாலேனும் திடீரென நினைவிழப்போ தலைச்சுற்றலோ உங்களுக்கு உண்டா? விடை 'ஆம்' அல்லது 'இல்லை' என்ற இரண்டில் ஒன்றாகவே இருக்க வேண்டும். கடைசி வலிப்பு எப்போது வந்தது, மருந்து ஒழுங்காக உட்கொள்ளப்படுகிறதா என்பவற்றுக்கு அங்கே இடமில்லை. நேற்று வலிப்பு வந்தவரும், மாத்திரையின் துணையோடு எட்டு ஆண்டுகளாக ஒருமுறைகூட வலிப்பு வராதவரும் அந்தக் கேள்வியின் முன் ஒன்றே. உண்மை சொன்னால் இருவருக்கும் உரிமம் இல்லை. பொய் சொன்னால் இருவருக்கும் உண்டு. இப்படிக் கேட்கும் கேள்விக்கு மக்கள் எந்த விடையை எழுதுவார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தமக்குள்ள நோய் பொதுமக்களுக்கு ஆபத்து விளைவிக்கும் என்று அறிந்தே வண்டி ஓட்டுபவருக்குச் சட்டத்தின் 186-ஆம் பிரிவு தண்டம் விதிக்கிறது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு முதன்முறைக்கு அது 1,000 ரூபாய் வரை. நாள்தோறும் வண்டி ஓட்டிப் பிழைப்பவரை அந்தத் தொகை தடுத்துவிடாது.

முறையாக மருந்து உட்கொண்டால் வலிப்பு நோயாளிகள் 100 பேரில் 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இதையொட்டியே பிரிட்டனில் ஓராண்டு வலிப்பு வராமலிருந்தால் கார் ஓட்ட அனுமதிக்கிறார்கள். லாரிக்கும் பேருந்துக்கும் அங்கே விதி மிகக் கடுமையானது. மருந்தே இல்லாமல் பத்து ஆண்டுகள் வலிப்பின்றி இருந்திருக்க வேண்டும். ஜப்பானில் இரண்டு ஆண்டுகள் என்று அளவு வைத்திருக்கிறார்கள். எல்லை வேறுபட்டாலும் நோயின் பெயரைக் கேட்டவுடன் கதவைச் சாத்தாமல், கடைசி வலிப்புக்குப் பின் கடந்த காலத்தை எண்ணுகிறார்கள்.

விதி நன்றாக இருந்துவிட்டால் மட்டும் போதுமா என்று கேட்கலாம். போதாது. 2014 டிசம்பர் 22 அன்று ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் குப்பை லாரி ஓட்டியவர் ஒருவர் நினைவிழந்தார். நடைபாதையில் சென்ற 6 பேர் மாண்டனர். அவருக்கு வலிப்பு நோய் இல்லை. ஆனால் 2010-இலேயே பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறை நினைவிழந்தவர் அவர். அந்த உண்மையை மருத்துவர்களிடமும் உரிமம் வழங்கும் துறையிடமும் அவர் மறைத்தது பின்னர் நடந்த விசாரணையில் வெளிப்பட்டது. வேலை போய்விடும் என்ற அச்சம் எந்த நாட்டிலும் ஒன்றுதான். மறைப்பதை முற்றிலும் ஒழிக்க முடியாது. உண்மை சொல்பவருக்கு ஒரு வழியாவது திறந்திருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

நம் நாட்டு விதிகள் மாறாதவை அல்ல. செவித்திறன் இல்லாதோர் தேர்வில் தேறினால் உரிமம் பெறலாம் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் வழி திறந்தது. மிதமான நிறக்குருடு உள்ளவர்களுக்கு 2020 ஜூன் மாத அறிவிக்கை இடமளித்தது. திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயை ஒரு தடையாக வைத்திருந்ததும் 1999-இல் நீக்கப்பட்டது. ஓட்டுநர் படிவத்தின் முதல் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

சொந்த இருசக்கர வாகனத்துக்கும் காருக்கும் ஓராண்டு வலிப்பின்மை, அதற்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரின் சான்று, ஆண்டுதோறும் அதன் புதுப்பிப்பு என்று விதி அமைய வேண்டும். லாரிக்கும் பேருந்துக்கும் இப்போதுள்ள தடை நீடிக்கலாம்; அதில் எனக்கு மறுப்பில்லை. கடம்பூர் இளைஞருக்கு நான் கேட்கும் மாற்றத்தாலும் லாரி கிடைக்காது. அதை அவரிடமே சொன்னேன்.

விதி மாறும்வரை நோயாளிகளும் இல்லத்தாரும் செய்ய வேண்டியவை சில உண்டு. வலிப்பு வந்ததை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பிறர் உயிருக்குக் கடும் ஆபத்து இருந்தாலன்றி நோயாளி சொன்னதை மருத்துவர் வெளியிடலாகாது என்பது எங்கள் ஒழுக்க நெறி. நீங்கள் சொல்வது தானாகவே போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்றுவிடாது. வலிப்பு வந்த நாளையும் நேரத்தையும் நாட்காட்டியில் குறித்து வாருங்கள். மாத்திரையை ஒருவேளை விடுவது, இரவு முழுதும் கண் விழிப்பது, மது ஆகிய மூன்றும்தான் அடங்கியிருந்த வலிப்பைப் பெரும்பாலும் திரும்ப அழைத்து வருபவை. இரவு லோடு ஏற்றும் ஓட்டுநர்களுக்கு இம்மூன்றும் எவ்வளவு அருகில் இருக்கின்றன என்பது இந்த வட்டாரத்தில் எல்லோரும் அறிந்ததே. இன்சுலின் போட்டுக்கொண்டு உணவைத் தள்ளிப்போடும் ஓட்டுநர்களும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்தாலும் நினைவு தப்பும்.

மாற்று வேலை தேடும்போதும் கவனம் தேவை. வண்டியை விட்டுவிட்டுத் தீப்பெட்டி ஆலையில் மெழுகுக் கொப்பரைக்கும் மருந்துக்கும் அருகில் நிற்கும் வேலைக்கு மகனை அனுப்பிய குடும்பத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நெருப்பு, உயரம், கிணறு இவற்றின் அருகிலுள்ள வேலை எதுவும் வலிப்பு அடங்காதவருக்கு ஆகாது.

அந்த இளைஞர் இப்போது ஒரு கமிஷன் கடையில் மூட்டைகளை எடை போட்டுக் கணக்கு எழுதுகிறார். வருமானம் முன்னைவிடக் குறைவு. அதை ஒவ்வொரு முறையும் என்னிடம் சொல்லத் தவறுவதில்லை. கோவில்பட்டிக்கு வர வேண்டுமானால் பேருந்திலோ ரயிலிலோ வருகிறார். சென்ற மாதம் தாயார் நாட்காட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் விரித்தார். பதினோரு மாதத் தாள்களிலும் ஒரு குறிகூட இல்லை. இன்னும் ஒரு மாதம் சென்றால் பைக் ஓட்டலாமா என்று மகன் கேட்டார். மருத்துவ முறைப்படி பார்த்தால் ஓட்டலாம் என்றே நான் சொல்லக்கூடும். ஆனால் படிவத்தின் முதல் கேள்விக்கு அவர் என்ன எழுதுவார் என்பதற்கு என்னிடம் விடையில்லை.