வகுப்பறைக்கு முதலில் எது? பேனாவா, சுவரா?

படித்த பள்ளிக்கூடத்துக்கு ஏதாவது செய்யலாம் என்று முன்னாள் மாணவர்கள் கூடினால், முன்பெல்லாம் மின்விசிறி, பெஞ்சு, தண்ணீர்த் தொட்டி என்று பேச்சு போகும். இப்போது முதலில் வருவது ‘ஸ்மார்ட் கிளாஸ்’. எங்கள் பனமலைப் பக்கமும் இதே கதைதான். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டால் ஒரு இன்டராக்டிவ் ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர் வாங்கிவிடலாம் என்கிறார்கள். நான் சாஃப்ட்வேர் துறையில் இருப்பதால் “எந்த மாடல் வாங்கலாம்?” என்று என்னிடம் கேட்கிறார்கள். “எந்தச் சுவரில் மாட்டப் போகிறீர்கள்?” என்று நான் திருப்பிக் கேட்கிறேன்.

இது விளையாட்டுப் பணம் இல்லை. எங்கள் விழுப்புரம் மாவட்டத்திலேயே, கந்தாடு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஓர் ஆசிரியை தன் நகைகளைப் பணமாக்கி வகுப்பறைக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கியது 2017இல் செய்தியானது. தமிழக அரசும் 22,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறை அமைக்கும் திட்டத்தை 2024இல் தொடங்கியது. நகையை விற்ற பணமாக இருந்தாலும் வரிப் பணமாக இருந்தாலும், வாங்கிய கருவி இரண்டாம் வருடம் துணி போர்த்தி மூலையில் கிடக்கக் கூடாது.

ஷார்ட் த்ரோ என்றால் என்ன?

சாதாரண ப்ரொஜெக்டர் 2 மீட்டர் அகலப் படம் காட்ட, சுவரிலிருந்து சுமார் 3 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தூரத்தைப் படத்தின் அகலத்தால் வகுத்தால் 1.5 வருகிறது அல்லவா? இதற்குப் பெயர் ‘த்ரோ ரேஷியோ’. ஷார்ட் த்ரோவில் இது 0.5 அளவில் இருக்கும். அதாவது 1 மீட்டர் தூரமே போதும். அல்ட்ரா ஷார்ட் த்ரோவில் 0.25தான். சுவரிலிருந்து அரை மீட்டரில், போர்டுக்கு மேலேயே மாட்டிவிடலாம்.

‘இன்டராக்டிவ்’ என்பது இன்னொரு சங்கதி. பேனாவின் முனையில் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ரா ரெட் விளக்கு இருக்கும். ப்ரொஜெக்டருக்குள் உள்ள கேமரா அந்த வெளிச்சம் எங்கே தெரிகிறது என்று பார்த்து, யூ.எஸ்.பி. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை மவுஸ் நகர்ந்ததாக எடுத்துக்கொள்ளும். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மவுஸ் செய்யும் அதே வேலைதான். 2007இல் ஜானி லீ என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர், வீ என்ற வீடியோ கேம் கருவியின் ரிமோட்டையும் ஓர் இன்ஃப்ரா ரெட் பேனாவையும் வைத்தே இதைச் செய்து காட்டினார்.

நன்மைகள்

முதல் நன்மை நிழல் விழாதது. சாதாரண ப்ரொஜெக்டரில் ஆசிரியர் போர்டருகே போனால் படம் அவர் முதுகில் ஓடும். வகுப்பைப் பார்த்துத் திரும்பினால் வெளிச்சம் கண்ணைக் கூசும். ஷார்ட் த்ரோவில் இந்தத் தொல்லை பெரிதும் குறைகிறது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தலாம்.

இரண்டாவது, படத்தின் அளவு. 100 அங்குலப் படம் 75 அங்குல டச் பேனலைப் போல் ஏறக்குறைய 1.8 மடங்கு பரப்பு கொண்டது. கடைசி வரிசைப் பிள்ளைக்கும் எழுத்து தெரியும்.

மூன்றாவது, சின்ன வகுப்புக்குப் பேனா நல்லது. ‘அ’ எழுதப் பழகும் பிள்ளை கையை வீசிப் பெரிதாக எழுதிப் பார்க்கலாம். மணற்கேணி போன்ற பாட வீடியோவை நிறுத்தி, படத்தின் மேலேயே வட்டம் போட்டு விளக்கலாம்.

குறைகள்

முதல் குறை சுவர். அல்ட்ரா ஷார்ட் த்ரோவின் ஒளி மேலிருந்து மிகவும் சரிந்து விழுகிறது. படத்தின் அடிப்பக்கத்தில் சுவர் 1 செ.மீ. புடைத்திருந்தால், அங்கே படம் 3 செ.மீ.க்கு மேல் இடம் மாறிவிடும். சாதாரண ப்ரொஜெக்டரில் இதே புடைப்பு 3 அல்லது 4 மில்லி மீட்டர்தான் நகர்த்தும். பழைய பள்ளிக் கட்டடங்களின் பூச்சை நினைத்துப் பாருங்கள். நேர்க்கோடு பாம்பாக நெளியும். பனமலை தாளகிரீசுவரர் கோயிலில் பல்லவர் கால ஓவியம் இன்றும் மிச்சம் இருக்கிறது. வரைந்தவர்கள் முதலில் கல்லின் மேல் சுண்ணம் பூசிச் சமன் செய்துவிட்டுத்தான் வண்ணத்தைத் தொட்டார்கள். நாம் மட்டும் சுவரைப் பார்க்காமல் கருவியை வாங்குகிறோம்.

இரண்டாவது, வெளிச்சம். ப்ரொஜெக்டரால் கருப்பு நிறத்தைக் காட்ட முடியாது. ஒளி விழாத இடம்தான் கருப்பு. ஜன்னல் வெயில் சுவரில் பட்டால் கருப்பு சாம்பலாகிவிடும். ஜன்னலை மூடினால் சித்திரை மாதத்தில் வகுப்பு வெந்துவிடும்.

மூன்றாவது, மின்சாரம். பல்பு உள்ள மாடலில் திடீரென்று கரண்ட் போனால் விசிறியும் நின்று, சூடு உள்ளேயே தங்கி, பல்பின் ஆயுள் குறையும். பல்பு பொதுவாக 3,000 முதல் 5,000 மணி நேரம் வரும். லேசர் மாடல்கள் 20,000 மணி நேரம் வரும் என்கிறார்கள், விலை கூடுதல். தூசு வடிகட்டியை யாராவது மாதாமாதம் சுத்தம் செய்ய வேண்டும்.

நான்காவது, பேனா. அதற்கு பேட்டரி வேண்டும். ப்ரொஜெக்டர் சற்று அசைந்தாலும் நீங்கள் எழுதும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் வேறு என்றாகும். மறுபடி கேலிபரேஷன் செய்ய வேண்டும். இன்னொன்று: ஆறு வயதுப் பிள்ளையின் கை ஏறக்குறைய நாலரை அடி உயரம்தான் எட்டும். பெரியவர்கள் பார்வைக்கு மாட்டினால் பிள்ளைக்குப் படத்தின் அடிப்பகுதிதான் எட்டும்.

என் கருத்து

‘ஷார்ட் த்ரோ’ என்ற பாதிக்குப் பணம் கொடுக்கலாம். ‘இன்டராக்டிவ்’ என்ற பாதிக்கு அவசரம் வேண்டாம். ஏன்? பேனா ஒன்று, பிள்ளைகள் முப்பது. ஒருவன் போர்டில் எழுதும்போது இருபத்தொன்பது பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு ஒயர்லெஸ் மவுஸை பெஞ்சு பெஞ்சாகக் கை மாற்றிப் பாருங்கள். எழுந்து வரக் கூச்சப்படும் கடைசி பெஞ்சுப் பிள்ளையும் இருந்த இடத்திலிருந்தே விடையைக் கிளிக் செய்வாள்.

இங்கிலாந்து இந்தப் பாதையில் நமக்கு முன்பே போனது. லண்டன் பள்ளிகளில் ஸ்மார்ட் போர்டுகளை மாட்டிய பிறகு, லண்டன் பல்கலைக்கழகக் கல்வியியல் நிறுவனம் 2007இல் ஓர் ஆய்வறிக்கை தந்தது. பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் கருவி பிடித்திருந்தது. ஆனால் முதல் ஆண்டில் தேர்ச்சியில் முன்னேற்றம் தெரியவில்லை. கருவி கெட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. பாடம் நடத்தும் முறை மாறாமல் போர்டை மட்டும் மாற்றினால் இவ்வளவுதான் கிடைக்கும்.

அதற்காக வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒன்று முதல் மூன்று வரை உள்ள வகுப்பு, சமமான சுவர், ஆர்வமுள்ள ஆசிரியர் மூன்றும் அமைந்தால் பேனாவோடு வாங்குங்கள். மற்ற இடங்களில் இந்த வரிசையில் செலவழியுங்கள்:

1. சுவரைப் பூசிச் சமன் செய்து, பளபளப்பு இல்லாத வெள்ளை அடியுங்கள்.
2. போர்டு பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் திரை போடுங்கள்.
3. ப்ரொஜெக்டரையும் கம்ப்யூட்டரையும் சேர்த்துத் தாங்கும் யு.பி.எஸ். வாங்குங்கள்.
4. கடைசி வரிசைக்கும் கேட்கும் ஸ்பீக்கர் வாங்குங்கள்.
5. பிறகு ஷார்ட் த்ரோ ப்ரொஜெக்டர்.
6. பல்புக்கும் பழுதுக்கும் ஒரு தொகையைத் தனியே வங்கியில் போட்டு வையுங்கள்.

வாங்கும் முன் கடைக்காரரை அந்த வகுப்பறைக்கே கூட்டி வந்து, பகல் பதினொரு மணிக்கு, ஜன்னல் திறந்திருக்கும்போது அந்தச் சுவரிலேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கடையின் இருட்டு அறையில் எல்லா ப்ரொஜெக்டரும் அழகாகத்தான் தெரியும். நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். அந்த வகுப்பை நடத்தப் போகும் ஆசிரியரிடம் பேனாவைக் கொடுத்து, அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.