மலையொடு பேசும் மொழி

அருவி சிரித்தது, காற்றுப் பாடியது, மலை கேட்டுக் கொண்டிருந்தது. இவை போலும் தொடர்களைத் தேர்வுத்தாளில் இட்டு, ‘இவற்றில் அமைந்த நயம் யாது?’ என வினவுவது தமிழ்ப்பாட வழக்கமாகி விட்டது. விடையும் ஆயத்தமாகவே உள்ளது. கடையில் விற்கும் வினாவிடைச் சுவடியில் அச்சான பெயரை மாணவன் நெட்டுருப் போடுகிறான்; தாளில் இறக்கி வைக்கிறான்; மதிப்பெண் பெறுகிறான்; மறக்கிறான். ஆனால், முன்பின் பாராத ஒரு பாட்டை அவன் கையில் கொடுத்து, ‘இதில் உயிரற்ற பொருள் எங்கே உயிர்பெற்று எழுகிறது?’ என்று கேட்டால் விழிக்கிறான். இக்குறை மாணவனுடையது அன்று, கற்பிக்கும் முறையினுடையது.

மாந்தர்க்குரிய பண்பையும் செயலையும் அஃறிணைப் பொருள்மேல் ஏற்றிக் கூறும் இந்நெறியை மாந்தப் பண்பேற்றம் எனலாம். இஃது ஆங்கிலப் பாடநூல் வழியாக வந்திறங்கிய புதுச்சரக்கு என்று எண்ணுவார் கற்றாருள்ளும் உளர். அறியாமை அது! வடமொழிக் காவியாதரிசத்தைத் தழுவித் தண்டியலங்காரம் அணிகளை வகுப்பதற்குப் பன்னூறு ஆண்டுகள் முன்னரே தொல்காப்பியர் இதனை நூற்பா யாத்து நிலைநாட்டி விட்டார். ஞாயிறும் திங்களும், கடலும் கானலும், விலங்கும் மரமும், புள்ளும் பொழுதும், ஏன், காண இயலா நாணும் நெஞ்சும் கூடச் சொல்வன போலவும் கேட்பன போலவும் பாட்டில் வரும் என்பது செய்யுளியலில் அவர் வகுத்த நெறி.

நன்னூலார் பவணந்தியார் அதனை இன்னும் விரித்தார். கேட்பது போல, சொல்வது போல, இயங்குவது போல, செய்வது போல என்று அஃறிணைப் பொருளை நான்கு வகையாற் கூறலாம் என்றார். இந்நான்கினையும் நான்கு வினாக்களாக மாற்றினால் அவையே வகுப்பறைக்குப் போதிய கருவிகள். இப்பொருள் கேட்கிறதா? பேசுகிறதா? தன்னால் இயலாத இயக்கத்தைப் பெறுகிறதா? மாந்தர் செய்வதைச் செய்கிறதா? ஒன்றற்கேனும் ‘ஆம்’ என்னும் விடை கிடைத்தால் மாணவன் சரியான வழியில் நிற்கிறான்.

தமிழுக்கு மற்றொரு வாய்ப்பும் உண்டு. திணையும் பாலும் வினைமுற்றின் ஈற்றிலேயே வெளிப்படும் மொழி இது. ‘அருவி சிரித்தது’ என்பதில் சிரித்தல் மாந்தர் வினை. ‘து’ என்னும் ஈறோ அஃறிணைக்குரியது. ஒரே சொல்லுள் இரு திணையும் கைகோத்து நிற்பதைச் சுட்டிக் காட்டினால் எட்டாம் வகுப்புச் சிறுவனும் கண்டுகொள்வான். இலக்கணத்தைத் தனியே ஒரு மூட்டையாகவும் இலக்கியத்தைத் தனியே ஒரு மூட்டையாகவும் கட்டிச் சுமக்க வேண்டியதில்லை.

இதனைக் கற்பிக்கச் சவ்வாது மலையினும் சிறந்த வகுப்பறை வேறு யாது? பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம் 583 அடிகளில் பாடுவது இந்நிலத்தையே. பாட்டுடைத் தலைவனாகிய நன்னனின் செங்கண்மா இன்றைய செங்கம். அதில் வரும் சேயாறு இம்மலையில் தோன்றி ஓடும் செய்யாறு. அதில் வரும் நவிரமலை, இத்தொடரை அடுத்து நிற்கும் பருவதமலையே என்பர் ஆய்ந்தோர். அருவியின் முழக்கம், யானையின் பிளிறல், தினை குற்றும் மகளிரின் பாட்டு என மலையில் எழும் ஓசைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகிறார் புலவர் பெருங்கௌசிகனார். மலையை யானையாகவும் அதில் எழும் ஓசையை அந்த யானையின் மதநீராகவும் கண்டதே நூற்பெயர்.

இங்கே மாணவனை ஒருகணம் நிறுத்த வேண்டும். இது மாந்தப் பண்பேற்றமா? அன்று. மலை யானையாயிற்றே ஒழிய ஆளாகவில்லை. ஆகவே இஃது உருவகம். ‘இவ்வழி சமுனாமரத்தூருக்குப் போகிறது’ என்கிறார்களே, அது? வழி நடப்பதில்லை; நடப்பவர் மாந்தரே. நன்னூலார் கூறிய ‘இயங்குவது போல’ என்பதற்கு அது பொருந்தும். ஆயினும் நாட்பட்ட வழக்காகித் தேய்ந்து விட்டமையால் பாட்டின் சுவை அதில் இல்லை.

செங்கம் பகுதியைச் சேர்ந்த எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த நடுகல் ஒன்று உண்டு. பூசலில் மாண்ட மறவனோடு அவனுடைய நாயும் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டே கூறுகிறது. இது பண்பேற்றமா? அதுவும் அன்று, நாய் காத்தது உண்மை நிகழ்ச்சி. ஆனால், இப்பகுதியில் நடுகல்லையே ‘வேடியப்பன்’ என்று அழைத்து, அதனிடம் குறை சொல்லி நிற்கிறார்களே ஊரார், அங்கேதான் கல் கேட்கிறது! அஃறிணை உயர்திணை ஆகிறது. இவ்வாறு எது ஆம், எது அன்று என்று பிரித்தறியப் பழகுவதே கல்வி; பெயரை ஒப்பிப்பது கல்வியன்று.

நான்கு வினாவொடு நின்றுவிடவும் கூடாது. ஐந்தாவதாக ஒரு வினா உண்டு. புலவர் ஏன் இவ்வாறு பாடினார்? பாரி மாண்டபின் அவன் மகளிரை அழைத்துக்கொண்டு செல்லும் கபிலர், கண்ணீர் வடியப் பறம்பு மலையை விளித்து வாழ்த்தி விடைபெறுகிறார். விடைபெற வேண்டிய நண்பன் இல்லை, மலைதான் எஞ்சியிருக்கிறது. ஒல்லையூர்ச் சாத்தன் இறந்தபின், சூடுவார் இல்லாத நாட்டில் நீயும் பூத்தாயோ என்று முல்லையைக் கேட்கிறார் குடவாயிற் கீரத்தனார். அவ்வினாவில் சினமும் உண்டு; ஆற்றாமையும் உண்டு. மாந்தரிடம் சொல்லித் தீராத துயர் மலையிடமும் மலரிடமும் சென்று முறையிடுகிறது. இதனை உணராத மாணவன், நயத்தின் பெயரைச் சரியாக எழுதினும் பாட்டை இழந்தவனே.

இங்கே இழப்பு மதிப்பெண்ணளவில் நிற்பதன்று. மலையூர்ப் பிள்ளைகள் தமிழிலக்கியம் என்பது கீழ்நாட்டார் உடைமை என்று எண்ணி வளர்கின்றனர். சாமையும் தேனும் விளையும் தங்கள் மலைநாட்டைப் பத்துப்பாட்டு பாடியிருக்கிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லாத கல்வி, அவர்தம் உரிமையை மறைக்கும் கல்வி. தன் மலையைப் பாட்டில் கண்டவன் அதனைக் கல்லும் மரமும் குவிந்த விலைப்பொருளாக மட்டும் இனிப் பார்க்க மாட்டான்.

ஆதலின் தமிழாசிரியர்கள் வினாவிடைச் சுவடியை ஒருநாள் மூடி வைக்கட்டும். மாணவரை வெளியே அழைத்துச் சென்று மரத்தையும் ஓடையையும் காட்டட்டும். அவற்றை விளித்து இரண்டு அடி எழுதச் செய்யட்டும். எழுதியபின் ஐந்து வினாக்களையும் கேட்கட்டும். தொல்காப்பியம் அன்று உயிரோடு வகுப்பறைக்குள் வரும்.