பகிர்வதற்கு முன் ஒரு கணக்கு



சமூக ஊடகத்தை வகுப்பறையில் பயன்படுத்தலாமா என்று திங்கட்கிழமை கேட்டால் "தாராளமாக" என்பேன். வெள்ளிக்கிழமை கேட்டால் "வேண்டவே வேண்டாம்" என்பேன். அறிவியல் ஆசிரியைக்கு இப்படி இரண்டு மனம் இருக்கலாமா? இருப்பதற்குக் காரணம் உண்டு.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. பள்ளிகள் மூடப்பட்டன. எங்கள் வகுப்பை அப்போது தாங்கிப் பிடித்தது ஒரு புலனக் குழுதான். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி, வீட்டுக்குப் பின்னால் வளர்ந்திருந்த தொட்டாற்சிணுங்கியைத் தொட்டு, அது சுருங்குவதைக் காணொளியாக அனுப்பினாள். "டீச்சர், செடிக்கு நரம்பே இல்லையே, எப்படித் தெரிகிறது?" என்று கேட்டாள். இலைக்காம்பின் அடியில் உள்ள உயிரணுக்களிலிருந்து நீர் வெளியேறுவதால் இலை தளர்கிறது என்று விளக்கினேன். அடுத்த சில நாள்கள் குழு முழுவதும் அதே பேச்சு. வகுப்பறையில் அந்தக் கேள்வி பிறந்திருக்குமா என்பது ஐயமே.

அதே குழுவுக்குத்தான் அந்தத் தகவலும் வந்தது. நீங்களும் பார்த்திருப்பீர்கள். "சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தூரம் 90 மில்லியன் கிலோமீட்டர். நாளை முதல் அது 152 மில்லியனாகிவிடும். கடுங்குளிரும் காய்ச்சலும் வரும். அனைவருக்கும் பகிருங்கள்!" நம் நாட்டில் இது மீண்டும் மீண்டும் சுற்றிவரும் தகவல்.

"புத்தகத்தில் 150 மில்லியன் என்றுதானே இருக்கிறது?" என்று அதே மாணவி கேட்டாள். ஒருவர் "வந்துட்டாங்க பெரிய விஞ்ஞானி" என்று கேலிப் படம் போட்டார். இன்னொருவர் அவளது கேள்வியைத் திரைப்பிடிப்பு எடுத்து வேறொரு குழுவில் போட்டார். நான் மறுநாள்தான் பார்த்தேன். தகவல் தவறு என்று எழுதினேனே தவிர, கேலியைக் கண்டிக்கவில்லை. அது என் பிழை. பள்ளி திறந்த பிறகும், படிப்பு முடிந்து போகும்வரை, அவள் வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

அந்தத் தகவலைச் சோதிக்கப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. சூரிய ஒளி நம்மை அடைய ஏறக்குறைய 500 விநாடி ஆகிறது. ஒளியின் வேகம் விநாடிக்கு 300,000 கிலோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: 150 மில்லியன். ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில், சுமார் 147 மில்லியன் கிலோமீட்டரில் இருக்கும். ஜூலைத் தொடக்கத்தில் மிகத் தொலைவில், சுமார் 152 மில்லியனில் இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் இது நடக்கிறது. அந்த ஜூலையில்தான் வட அரைக்கோளத்தில் கோடைக்காலம்! பருவங்களை உண்டாக்குவது பூமியின் அச்சுச் சாய்வு. இந்தச் சிறு தூர வேறுபாடு அன்று.

பிறகு ஏன் பொய் இவ்வளவு வேகமாக ஓடுகிறது? 2018-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, 2006 முதல் 2017 வரை டுவிட்டரில் பரவிய ஏறத்தாழ 126,000 செய்திகளை ஆராய்ந்தது. உண்மைச் செய்தியைவிடப் பொய்ச் செய்தி மறுபகிர்வு செய்யப்படும் வாய்ப்பு 70 விழுக்காடு அதிகம் என்று கண்டது. அதற்கு முக்கியக் காரணம் தானியங்கிக் கணக்குகள் அல்ல, மனிதர்களே என்றும் கூறியது. பொய் புதுமையாகத் தெரிகிறது. புதுமையைக் கண்டால் நம் விரல் துடிக்கிறது.

எனவே நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சமூக ஊடகத்தை வகுப்பிலிருந்து துரத்த மாட்டேன். தவளையை மேசையில் வைத்து ஆராய்வதுபோல், புலனத் தகவலையும் வெண்பலகையில் எழுதி ஆராய்வோம். ஆனால், கேள்வி கேட்கும் இடமாக அதை மட்டுமே நம்ப மாட்டேன். குழுவில் ஒருவர் கேலி செய்யப்பட்டால், பாடத்தை நிறுத்திவிட்டு அதை முதலில் பேசுவேன்.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். அடுத்த முறை எண்களோடு ஒரு தகவல் வந்தால், பகிர்வதற்கு முன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் குழுவில் ஒரு நண்பர் "இது சரியா?" என்று கேட்டால், கேலிப் படம் தேடாதீர்கள். அவரோடு சேர்ந்து விடையைத் தேடுங்கள்.