குழந்தைக்கு இருமல்னு தேடினா... இணையம் என்ன பதில் சொல்லுது?

கோல்ட்ரிஃப் ஞாபகம் இருக்கா? காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அந்த இருமல் சிரப்பைக் குடித்த குழந்தைகளில் 20-க்கும் மேற்பட்டோர் 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் இறந்துபோனார்கள். பெரும்பாலானவர்கள் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்துக் குழந்தைகள். சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கும் டைஎத்திலீன் கிளைக்கால் அதில் 48.6 சதவிகிதம் இருந்தது, தமிழ்நாட்டு அரசின் பரிசோதனையில் தெரியவந்தது.

இப்படியொரு செய்தி வந்தால் கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எழும் கேள்விகள் ரொம்ப சிம்பிள். நம்ம வீட்டு பாட்டிலைத் தரலாமா, தூக்கிப் போடணுமா? சிரப் இல்லாம இருமலை எப்படிச் சமாளிக்கிறது?

மத்திய சுகாதாரத் துறை அக்டோபர் 3-ம் தேதியே பதில் சொல்லிவிட்டது. 2 வயதுக்குக் கீழ் இருமல், சளி மருந்து கூடாது. 5 வயதுக்குக் கீழும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைகளின் இருமல் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். ஆனா, இது மாநிலங்களுக்குப் போன சுற்றறிக்கை. அம்மா அப்பாவுக்காக எழுதியது இல்லை.

சரி, 'குழந்தைக்கு இருமல்' என்று தமிழில் தேடிப் பாருங்க. கற்பூரவள்ளி, துளசி, தேன் என வரிசையாகப் பாட்டி வைத்தியம் வரும். (பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. பாட்டியாவது குழந்தையை நேரில் பார்த்துவிட்டுச் சொன்னார்!) 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தால் பொட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுப் பாதிப்பு வரலாம். முதல் வரியில் வர வேண்டிய இந்த எச்சரிக்கையை நீங்க கடைசிவரை ஸ்க்ரோல் பண்ணித் தேட வேண்டியிருக்கும்.

உண்மையில் ராத்திரி 2 மணிக்கு உங்களுக்குத் தேவை டிப்ஸ் இல்லை. 'இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணுமா, காலைவரை காத்திருக்கலாமா' என்பதுதான். அதற்கு உலக சுகாதார நிறுவனம் எளிமையான கணக்கு வைத்திருக்கிறது. குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்க. 2 மாதத்துக்குள் 60, 2 முதல் 12 மாதம் வரை 50, 1 முதல் 5 வயது வரை 40... இந்த எண்ணிக்கையோ, அதற்கு மேலோ இருந்தால் கிளம்ப வேண்டியதுதான். மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போனாலும், பால் குடிக்க முடியாமல் போனாலும் எண்ணிக்கொண்டிருக்கவே வேண்டாம்.

பிரிட்டனின் என்.ஹெச்.எஸ் தளம் இதை அழகாகச் செய்கிறது. வீட்டில் என்ன செய்யலாம், எப்போது டாக்டர், எப்போது ஆம்புலன்ஸ் என்று தனித்தனியாகச் சொல்லி, கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் போடுகிறது. நம்ம ஊரில் டயப்பர் விற்கும் ஆப்தான் ஆலோசனையும் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 104-க்கு போன் செய்தால் எந்த நேரத்திலும் தமிழிலேயே மருத்துவ ஆலோசனை கேட்கலாம். அவசரம் என்றால் 108. இன்னொன்று... கர்ப்பிணிகள் பிக்மி தளத்தில் பதிவு செய்யும்போதே மொபைல் நம்பர் அரசிடம் போய்விடுகிறது. அந்த நம்பர்களுக்கு, 'இந்த சிரப்பைக் கொடுக்காதீங்க' என்று தமிழில் ரெண்டு வரி அனுப்புவது அவ்வளவு பெரிய வேலையா?