ஊக்கமும் ஈடுபாடும்: நன்னூல் காட்டும் அளவுகோல்

மாணவரின் கல்வி ஈடுபாட்டை வருகைப்பதிவைக் கொண்டு அளக்கும் போக்கு உயர்கல்வியில் நிலைபெற்றுள்ளது. வருகை ஈடுபாட்டின் தொடக்கம் மட்டுமே. பவணந்தியாரின் நன்னூல் பொதுப்பாயிரம் இதனைத் தெளிவுற வரையறுக்கிறது. ஆசிரியர் உரைத்ததை நிறைவாகக் கேட்டாலும் மாணவர் பெறுவது புலமையின் காற்பங்கே. உடன்பயில்வோரொடு பழகுதலால் மற்றொரு காற்பங்கும், பிறர்க்கு எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அதன் கருத்து.

தொப்பூரிலிருந்து தருமபுரிக்கோ சேலத்திற்கோ பேருந்தில் சென்று பயிலும் மாணவர்க்கு முதற் காற்பங்கு வகுப்பறையில் கிட்டுகிறது. எஞ்சிய முக்காற்பங்கிற்குரிய பொழுது பயணத்தில் கழிகிறது.

2022ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புதுமைப்பெண் திட்டம், அரசுப்பள்ளியில் பயின்ற மாணவியர்க்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் வழங்கி உயர்கல்வியைத் தொடரும் ஊக்கத்தைத் தருகிறது. அவ்வூக்கம் ஈடுபாடாக வளர்வதற்குரிய களத்தைத் துறைகளே அமைத்தல் வேண்டும். மாணவர் ஒருவர்க்கொருவர் பாடம் உரைப்பதற்கு வகுப்பு நேரத்திற்குள்ளேயே பொழுது ஒதுக்கி, அதனை அகமதிப்பீட்டிலும் சேர்த்தல் தகும். அவ்வாறு செய்யாமல், தேர்ச்சிக் குறைவுக்கு மாணவரின் ஊக்கமின்மையே காரணம் என்பது, காற்பங்கை வழங்கிவிட்டு முழுப்பங்கைக் கேட்பதாகும்.