கொஞ்சும் தீவோ?

இத்தாலிய மொழி படிக்கிறவர்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். 'கொன்ஜுந்தீவோ' வரைக்கும் வந்தவர்கள், அதற்கு முன்னாலேயே ஓடிப் போனவர்கள். பேரைக் கேட்டால் டூயட் பாட்டுக்கு லொகேஷன் மாதிரி இருக்கும். கொஞ்சவும் கொஞ்சாது, தீவும் இல்லை. இங்கிலீஷ் கிராமரில் சப்ஜங்டிவ் என்பார்களே, அதுதான். இங்கிலீஷில் அது ஏறக்குறைய ரிட்டயர் ஆகிவிட்டது. இத்தாலியில் இன்னும் சர்வீஸில் இருக்கிறது.

காஞ்சிபுரத்தில் உட்கார்ந்துகொண்டு இத்தாலியன் எதற்கு என்று கேட்பீர்கள். என் சிநேகிதன் பட்டுக்கடை சேல்ஸ்மேன். ஏகாம்பரநாதரைத் தரிசித்துவிட்டுக் கடைக்கு வரும் இத்தாலிக்காரர்களிடம் அவர்கள் பாஷையிலேயே பேசினால் வியாபாரம் ஆகும் என்று கணக்குப் போட்டான். தனியாகப் படிக்கப் பயந்து என்னையும் இழுத்தான். ஆபீஸ் விட்டு வந்து, ராத்திரி சாப்பாடு முடிந்து, அவன் வீட்டு மொட்டை மாடியில் கிளாஸ். வாத்தியார், ஒரு பழைய புத்தகம்.

விஷயம் இவ்வளவுதான். தெரிந்ததை அடித்துச் சொல்ல ஒரு வினை. நினைப்பது, ஆசைப்படுவது, பயப்படுவது, சந்தேகப்படுவது இதற்கெல்லாம் வினையின் வால் மாறியாக வேண்டும். 'எ சேத்தா பூரா' என்றால், இது சுத்தப் பட்டு. 'கிரேதோ கே சியா சேத்தா பூரா' என்றால், இது சுத்தப் பட்டு என்று நம்புகிறேன். 'எ' என்பது 'சியா' ஆகிவிட்டது பாருங்கள். அந்த 'சியா'வில் சத்தியம் இல்லை. அபிப்பிராயம்தான் இருக்கிறது.

வால் மாறுவது பச்சையான கட்சித் தாவல். 'ஆரே' என்று முடியும் வினைகள் 'இ' பக்கம் போய்விடும். பேசுகிறான் என்பது 'பார்லா'. 'பேசணுமே' என்கிற இடத்தில் அது 'பார்லி'. 'ஏரே', 'ஈரே' என்று முடிகிறவை 'ஆ' பக்கம் தாவும். எழுதுகிறான் 'ஸ்க்ரீவே', தாவினால் 'ஸ்க்ரீவா'. தூங்குகிறான் 'தோர்மே', தாவினால் 'தோர்மா'. இதில் ஒரு சலுகை: நான், நீ, அவன் மூன்று பேருக்கும் ஒரே உருவம்.

இதைப் படித்ததும் சிநேகிதன் அசந்து போனான். "மூணு பேருக்கும் ஒண்ணேயா? என்னப்பா பாஷை இது?"

நம்ம பாஷைதான். ஸ்கூலில் வியங்கோள் வினைமுற்று என்று படித்தோமே! நான் வாழ்க, நீ வாழ்க, அவன் வாழ்க, அவை வாழ்க. யாருக்கு வேண்டுமானாலும் 'வாழ்க'தான். தன்மைக்கும் முன்னிலைக்கும் இது பொருந்தி வராது என்றார் தொல்காப்பியர். 13-ஆம் நூற்றாண்டில் வந்த நன்னூல், எல்லா இடத்துக்கும் எல்லாப் பாலுக்கும் வரும் என்று கதவைத் திறந்துவிட்டது.

'வாழ்க' என்பதற்கு இத்தாலியன், 'வீவா'. வாழ்வது என்ற வினையின் கொன்ஜுந்தீவோ அது. 1859 வாக்கில் வட இத்தாலியில் ஆஸ்திரிய ஆதிக்கம் இருந்தபோது, சுவர்களில் 'வீவா வெர்தி' என்று எழுதினார்கள். வெர்தி பெரிய சங்கீத மேதை. ரசிகர் மன்றம் என்று நினைத்துக்கொள்வார்கள் அல்லவா? உண்மையில் வெர்தி என்கிற ஐந்து எழுத்தும் 'விக்டர் இம்மானுவேல், இத்தாலியின் ராஜா' என்பதன் இனிஷியல்கள்! அண்ணா பிறந்த ஊர்க்காரர்களுக்குச் சுவரெழுத்தையும் வாழ்கவையும் சொல்லித்தர வேண்டுமா? கட்சி ஊர்வலத்தில் ஒரு தடவை கத்தியவனுக்குக்கூட கொன்ஜுந்தீவோவில் பாதி பாடம் ஓவர்.

மீதிப் பாதி மரியாதை. பெரியவர்களை 'வா' என்று கூப்பிடக் கூடாது என்பது அங்கேயும் உண்டு. மரியாதையாகக் கூப்பிட இதே வாலைத்தான் மாட்டுகிறார்கள். 'வியேனி' என்றால் வா. 'வேங்கா' என்றால் வாங்க. மறக்கவே முடியாது. வேங்கா, வாங்க!

இத்தாலிக்காரர்களுக்கே இதில் தடுக்கும். 1975-ல் வந்த 'ஃபன்டோட்சி' என்ற காமெடிப் படம் அங்கே பிரசித்தம். ஹீரோ நம்மைப் போல ஓர் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு காட்சியில் அவரும் சக ஊழியரும் டென்னிஸ் ஆடுகிறார்கள். சக ஊழியர் பந்தை அடிக்கச் சொல்லும்போது 'பத்தா' என்று மரியாதையாகச் சொல்வதற்குப் பதில் 'பத்தி' என்று விடுகிறார். அது 'அடிடா' ரகம். என்ன, நீ வா போ என்று பேசுகிறீர்கள் என்று ஹீரோ திகைக்க, மரியாதையாகத்தான் சொன்னேன் என்று அவர் சமாளிக்க, ஓ, கொன்ஜுந்தீவோவா என்று ஹீரோ திருப்தி ஆகிவிடுகிறார். 'ஏரே' கட்சி வினைக்கு 'ஆரே' கட்சி வால். அதுதான் ஜோக்.

நமக்கு வால் ஒன்றல்ல, பல. 'அவன் வரட்டும்', 'அவன் வரணும்', 'வருவான் போல', 'வந்தானாம்'. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்துக்கு 3,500 வயசு என்று கைடு சொன்னால் அது வரலாறு. '3,500 வயசாம்' என்றால் அவர் நேர்மையான மனுஷர். அந்த ஓர் 'ஆம்' போடுகிற இடத்தில் இத்தாலிக்காரர் 'ஆப்பியா' என்று வினையையே மாற்றுகிறார்.

1680-ல் இத்தாலியில் பிறந்த பெஸ்கி பாதிரியார் இங்கே வந்து வீரமாமுனிவர் ஆனார். நமக்கே தொன்னூல் விளக்கம் என்று ஐந்திலக்கணம் எழுதிக் கொடுத்து, சதுரகராதியும் போட்டார். அவர் நம்ம வியங்கோளுக்கு அஞ்சவில்லை. நாம் ஒரு 'சியா'வுக்கு அஞ்சுவதா?

சிநேகிதனும் அஞ்சவில்லை. அதில்தான் வம்பு வந்தது.

போன மாதம் ஓர் இத்தாலிய அம்மாள் நீலப் புடவை ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டு அசலா என்று கேட்டார். சில்க் மார்க் லேபிள் இருந்தது. 'எ' என்றான், தைரியமாக. ஜரிகை? பட்டு நூல்மேல் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசினால்தான் அசல் ஜரிகை. சில்க் மார்க் பட்டுக்குத்தான் சாட்சி, ஜரிகைக்கு இல்லை. இவன் வாயில் 'கிரேதோ கே சியா' வந்துவிட்டது. வெள்ளி என்று நம்புகிறேன். அம்மாள் சிரித்துக்கொண்டே நீலத்தை ஒதுக்கினார்.

முதலாளிக்கு இத்தாலியன் தெரியாது. ஒதுக்கியது தெரியும்.

"என்னய்யா சொன்னே?"

"அசல் ஜரிகைன்னு நினைக்கிறேன்னு சொன்னேன் சார்."

"நினைக்கிறதுக்கா உனக்குச் சம்பளம்?"

அம்மாள் கடைசியில், ஜரிகை சோதித்த சீட்டோடு இருந்த அரக்குப் புடவையை வாங்கினார். நீலத்தைவிட விலை அதிகம். முதலாளி கொஞ்சம் இறங்கி வந்து, 'நினைக்கிறேன்' என்பதைத் தவிர்க்க வழி உண்டா என்று விசாரித்தாராம். உண்டு. 'செகோந்தோ மே', அதாவது 'என்னைப் பொறுத்தவரை' என்று ஆரம்பித்தால் வால் மாற்றாமல் 'எ' போடலாம், இலக்கணமே அனுமதிக்கிறது. "அப்ப அதையே சொல்லித் தொலையேன்" என்றாராம். "வாய் வரலை சார்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறான். வேலை இன்னும் இருக்கிறது. நீலப் புடவையைச் சோதனைக்கு அனுப்பிவிட்டார்களாம். முடிவு வரும் வரை அது 'சியா'தான்.

நீங்களும் இன்று ஆபீஸில் பயிற்சி செய்யலாம். 'ஃபைல் மூவ் ஆயிடுச்சு', 'அடுத்த மாசம் இன்க்ரிமென்ட்', 'மேனேஜர் தங்கமான மனுஷர்'. ஒவ்வொன்றுக்கும் 'எ'யா, 'சியா'வா?

மூன்றாவதற்கு மட்டும் பதிலைச் சத்தமாகச் சொல்லாதீர்கள்.